தெற்கு பிராங்ஸில் அம்மாவுக்கு வாயாக இருக்கும் சிறுமிகள்

நியூயார்க்கில் மாட் ஹேவன் பக்கம் ஸ்பானிஷ் பேசும் டொமினிக்கன், போர்ட்டோ ரிக்கன் வீடுகளில் ஆங்கிலக் கடிதம் வந்தால் முதலில் மூத்த பெண் கைக்குத்தான் போகும். ஒன்பது, பத்து வயசிலேயே ஆஸ்பத்திரி, வாடகை, ஸ்கூல் எல்லாமே அவள் வழியாத்தான். இந்த வீடுகளைப் பக்கத்தில் இருந்து பார்த்தவங்க எழுதுங்க. பாவம் என்பது வேண்டாம், எங்கே சறுக்குதுன்னு சொல்லுங்க.

---

மருந்து லேபிள்தான் முதல் பள்ளம். 'ஒன்ஸ் எ டே' என்று ஆங்கிலத்தில் இருக்கும். அந்த முதல் சொல்லின் நாலு எழுத்தை ஸ்பானிஷ்காரர் 'ஓன்சே' என்று படிப்பார், அர்த்தம் பதினொன்று! பிள்ளை ஸ்கூலுக்குப் போன நேரத்தில் பாட்டி தானே லேபிளைப் படித்தால் என்ன ஆகும்? நியூயார்க்கில் எட்டு கிளைக்குக் குறையாத மருந்துக்கடைகள் ஸ்பானிஷ் லேபிளை இலவசமாகத் தரணும். சீட்டு கொடுக்கும்போதே கேட்டால் போதும்.

அடுத்தது 'ஃபத்தீகா' என்ற ஸ்பானிஷ் சொல். கரீபியன் வீடுகளில் இதற்கு மூச்சிரைப்பு, ஆஸ்துமா என்று அர்த்தம். நம்ம 'இளைப்பு' மாதிரியே சோர்வுக்கும் இதே சொல்தான். பாட்டி "ஃபத்தீகா" என்பாள், பேத்தி "டயர்ட்" என்று சொல்லிவிடுவாள். அவள் மேல் தப்பே இல்லை, ஸ்கூலில் படிச்ச ஆங்கிலம் அது. லாரிப் புகையும் கரப்பானும் நிறைந்த அந்தப் பகுதியில் டாக்டருக்கு முதலில் தெரிய வேண்டியதே மூச்சுப் பிரச்சினைதான். நெஞ்சு இறுக்கமா இருக்கா, விசில் சத்தம் வருதா, ராத்திரி எழுப்புதா என்று தனித்தனியாகக் கேட்டால் தப்பாது.

மைனர் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது, உடனடி ஆபத்தான அவசரம் மட்டும் விலக்கு என்று 2016 முதலே மத்திய சுகாதார விதியில் இருக்கு. வரவேற்பு மேசையிலேயே அம்மா "இன்டர்ப்ரிட்டர், ஸ்பானிஷ்" என்று சொன்னால் போனில் ஆளைப் பிடித்துத் தருவார்கள். உள்ளே போனபிறகு கேட்டால் "பொண்ணுதான் நல்லா பேசுறாளே" என்று நழுவுவார்கள்.

---

குளிர்கால ஹீட்டர் தகராறையும் சேர்த்துக்கணும். அக்டோபர் 1 முதல் மே 31 வரை, காலை 6 முதல் இரவு 10 வரை வெளியே 55 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் வீட்டுக்குள் 68 இருக்கணும். இரவில் வெளியே எதுவானாலும் 62. 'சூப்பர்' (கட்டடத்தைப் பார்த்துக்கிறவர்) நாளைக்கு, நாளைக்கு என்பார். நகர அரசின் உதவி எண்ணான 311க்குப் போன் போட்டால் ஸ்பானிஷிலேயே பேசலாம், பொண்ணு வேண்டியதில்லை.

கெடுவது அதற்குப் பிறகுதான். ஹீட் வந்ததா என்று நகர அரசு ஆட்கள் திரும்பக் கூப்பிடுவார்கள். போனை எடுத்த பிள்ளை மரியாதைக்கு "இப்போ பரவாயில்லை" என்றால் புகார் அங்கேயே முடிஞ்சுது. அம்மாதான் எடுக்கணும். தெர்மாமீட்டரை ரேடியேட்டர் பக்கமோ ஜன்னலிலோ வைக்காமல் அறை நடுவில் வைத்து, தேதி, மணி, உள்ளே, வெளியே நாலையும் நோட்டில் எழுதணும். கோர்ட்டுக்குப் போனால் அந்த நோட்டு பேசும்.

---

ஸ்கூல் பற்றி ஒண்ணு. பெற்றோர் சந்திப்பில் தன் மார்க்கைத் தானே மொழிபெயர்க்கிற பிள்ளை "வகுப்பில் பேசிக்கிட்டே இருக்கா" என்ற வரியை விழுங்கிடும். யாரா இருந்தாலும் விழுங்கும். அதனால் நியூயார்க் நகர அரசுப் பள்ளிகளில் இலவச மொழிபெயர்ப்பாளரைச் சில நாள் முன்னாடியே ஆபீசில் சொல்லி வைக்கணும். போன அன்னிக்குக் கேட்டால் வரிசையில் நிக்கிறவங்க முகம் சுளிப்பாங்க, அம்மாவும் "விடு மிஹா (மகளே), நீயே சொல்லு" என்று விட்டுடுவாங்க.