மூச்சடக்குகிற ஊரில் மூச்சுப் பயிற்சி

பாம்பன்:
யோகா, பிராணாயாமம் பழகும்போது நம் ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் கண்டதை எழுதச் சொன்னீர்கள். எங்கள் ஊர் மாலை யோகா வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

சொல்லிக்கொடுத்தவர் வெளியூர்க்காரர், பொறுமைசாலி. பூரகம் (மூச்சை இழுப்பது), கும்பகம் (அடக்குவது), ரேசகம் (விடுவது) மூன்றையும் விளக்கினார். 16 மாத்திரை, அதாவது 16 எண்ணும் நேரம், இழுத்து, 64 அடக்கி, 32 விடுவது பழைய கணக்கு, நமக்கு இப்போதைக்கு 4, 4, 8 போதும் என்றார். பின்வரிசையில், முதுகுவலிக்காக வந்த ஓர் அக்கா. கடலுக்குள் முங்கிப் பாறையிலிருந்து பாசி பறிக்கிறவர். விரலில் சுற்றிய துணியின் தடம் கூட மறையவில்லை. அவரிடம் போய் மூச்சை அடக்கச் சொன்னால்? எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். "அடக்குறது கெடக்கட்டும் சார். மேல வந்ததும் இரைக்குது பாருங்க, அதை அமத்தச் சொல்லிக் குடுங்க" என்றார்.

அன்றைக்கு அடக்குவதை விட்டுவிட்டு, வெளிமூச்சை நீளமாக விடுவதையே பழக்கினார் வாத்தியார். வெளிமூச்சு நீண்டால் இதயத்துடிப்பு கொஞ்சம் தணியும். எனக்கு அந்த வகுப்பில் உருப்படியாகக் கிடைத்ததே இதுதான்.

அப்புறம் கபாலபாதி, அதாவது வயிற்றை உள்ளே இழுத்து மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளுவதை, சொல்லிக்கொடுத்தார். சங்கு குளிக்கப் போகிற ஒரு தம்பி, "இப்படி வேகமா ஊதிட்டு முங்குனா ரொம்ப நேரம் தாங்கும்ல?" என்று கேட்டான். தாங்குகிற மாதிரிதான் இருக்கும், ஆபத்தே அதில்தான் என்றார் வாத்தியார். மூச்சு முட்டுவது பெரும்பாலும் கரியமில வாயு சேர்வதால். வேகமாக ஊதினால் அது வெளியேறிவிடும், ஆக்சிஜனோ பெரிதாகக் கூடாது. முட்டல் வருவதற்கு முன்பே நினைவு தப்பிவிடலாம். பாயில் மயங்கினால் தண்ணீர் தெளித்து எழுப்பலாம், கடலுக்கடியில் மயங்கினால் யார் எழுப்புவது? நம் ஊரில் கபாலபாதி சொல்லித்தருகிற எல்லாரும் இதை முதலில் சொல்லவேண்டும்.

கீழக்கரை:
எங்கள் உம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு. யோகா என்றாலே, அது நமக்கு ஆகாது என்று ஒதுங்கிக்கொள்வார். பிசியோதெரபி பார்க்கிற பெண் முழங்காலை மடக்கிக் குதிகால்மேல் உட்காரும் வஜ்ராசனத்தைச் செய்து காட்டியதும், "இது அத்தஹிய்யாத்துல இருக்குற இருப்பு மாதிரியில்ல இருக்கு?" என்று தொழுகையில் உட்கார்ந்து ஓதும் இருப்பைச் சொல்லி உம்மாவே கேட்டார். தயக்கம் அதோடு போனது. ஆனால் மூட்டுவலியால் இப்போது தொழுவதே நாற்காலியில்தான், வஜ்ராசனத்துக்கு வழியில்லை. நாற்காலியில் இருந்தபடியே பிராமரி செய்கிறார். காதைப் பொத்திக்கொண்டு வண்டு போல ரீங்காரம். பேரப்பிள்ளைகளும் சேர்ந்துகொள்வதால் அந்த நேரம் வீட்டில் டிவி கேட்காது. பிரஷர் உள்ளவர்கள் மூச்சை அடக்கக் கூடாது, தலைகீழாக நிற்கக் கூடாது என்று அந்தப் பெண் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். தூக்கம் நன்றாக வருகிறதாம். மாத்திரையைக் குறைக்கவில்லை, குறைக்கவும் விடமாட்டோம்.

தொண்டி:
நான் விசைப்படகில் போகிறவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். அப்போதுதான் கிழிந்த வலையெல்லாம் பொத்துவோம், குனிந்தே இடுப்பு போய்விடும். குப்புறப் படுத்துப் பாம்பு மாதிரி நெஞ்சைத் தூக்குகிற புஜங்காசனமும் பூனை மாதிரி முதுகை வளைக்கிறதும் ஒரு சொந்தக்காரர் சொல்லிக்கொடுத்தார், வலி குறைகிறது. ஆனால் யோகா தினம் ஜூன் 21. தடை முடிந்து படகு இறங்கின சமயம், எவன் கரையில் இருப்பான்? போட்டோவில் எங்களைத் தேடாதீர்கள். இன்னொன்று, விருட்சாசனத்தைப் படகில் செய்து பார்க்கிறேன் என்று எங்கள் ஆள் ஒருத்தன் ஒற்றைக்காலில் நின்று ஐஸ் பெட்டிமேல் விழுந்தான். அதைத் தரையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பாம்பன் அக்காவுக்கு முதுகுவலி குறைந்ததா?

பாம்பன்:
கொஞ்சம் பரவாயில்லை என்கிறார். கடலுக்குப் போகாத நாளில் மட்டும் வகுப்புக்கு வருகிறார். போன வாரம் மகளையும் கூட்டி வந்தார்.