மறு: டெவ் ஃபண்ட் – ‘மேம்பாட்டு நிதி’ போதுமா?

எல்லோருக்கும் வணக்கம். கிரிப்டோ நாணயங்களின் மேம்பாட்டுக்குப் பணம் ஒதுக்கும் ‘டெவ் ஃபண்ட்’ (dev fund) என்பதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற நம் விவாதத்தில், நீங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘மேம்பாட்டு நிதி’ என்றே வைத்துவிடலாம். யாருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் பணம் எதற்குப் போகிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது, எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்வதில்லை. பயனர்களே சேர்ந்து நடத்தும் கிரிப்டோ நாணயங்களில் பெரிய சண்டைகள் மூண்டது பணம் வரும் வழியைப் பற்றித்தான்.

மொனேரோ என்ற நாணயத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு நிரலாளர் என்ன செய்யப்போகிறார், எத்தனை மாதம் ஆகும், எவ்வளவு வேண்டும் என்று எழுதிப் பொதுவில் வைக்கிறார். சமூகம் அலசி ஒப்புக்கொண்டால் விருப்பப்பட்டவர்கள் கைக்காசு போடுகிறார்கள். தொகை நிரம்பியதும் வேலை தொடங்குகிறது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அதற்குரிய பணம் கைக்கு வரும். 2018 அக்டோபரில், தொகையை வெளிக்காட்டாமலே அது சரியானது என்று நிரூபிக்கும் புல்லட்புரூஃப்ஸ் என்ற மறையாக்க (கிரிப்டோகிராபி) முறை மொனேரோவில் சேர்ந்தபோது பரிவர்த்தனையின் அளவு ஏறக்குறைய 80 விழுக்காடு குறைந்தது. அதற்கு முன் அந்த நிரலைத் தணிக்கை செய்தவர்களுக்குக் கொடுத்த பணம் இப்படித் திரட்டியதுதான். இதற்கு ‘நன்கொடை’ என்ற சொல்லே போதும், புதிதாக எதுவும் வேண்டாம்.

ஸீகேஷ் என்ற நாணயத்தில் கதை வேறு. 2016இல் தொடங்கும்போதே, முதல் நான்கு ஆண்டுகளுக்கு பிளாக் வெகுமதியில், அதாவது பரிவர்த்தனைத் தொகுப்பான ஒவ்வொரு பிளாக்குடனும் புதிதாக உருவாகும் நாணயத்தில், 20 விழுக்காடு நிறுவனர்கள் தரப்புக்குப் போகும் என்று நெறிமுறையில் எழுதிவிட்டார்கள். 2020 நவம்பரில் அந்தக் கெடு முடிந்தது. சமூகம் நெடுநாள் விவாதித்து அதே 20ஐ வேறு விதமாகப் பிரித்தது: மூல நிரலை எழுதிய நிறுவனத்துக்கு 7, அறக்கட்டளைக்கு 5, வெளியார் திட்டங்களுக்கு 8. இங்கே யாரும் பணப்பையைத் திறந்து கொடுப்பதில்லை. பிளாக் உருவாகும் நொடியிலேயே பங்கு பிரிந்துவிடுகிறது.

இந்த இரண்டாவது ஏற்பாட்டுக்குத்தான் சொல் வேண்டும். என் பரிந்துரை: மகமை.

வணிகர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு, வரவில் ஒரு பங்கைப் பொதுக்காரியத்துக்கு ஒதுக்கியதைக் குறித்த சொல் அது. விகிதம் முன்கூட்டியே முடிவானது. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலிலும் தானாகப் பிரிவது. அதில் சேர்ந்தவர்களே விதித்துக்கொண்டது. மூன்றும் இங்கே அப்படியே பொருந்துகின்றன.

> ‘வரி’ என்றால் இன்னும் எளிது அல்லவா?

எளிதுதான், ஆனால் அது ஒரு கட்சியின் சொல். 2020இல் பிட்காயின் கேஷ் என்ற நாணயத்தில் பிளாக் வெகுமதியில் ஒரு பகுதியை மேம்பாட்டுக்கு ஒதுக்கும் யோசனை வந்தபோது, எதிர்த்தவர்கள் அதை வரி என்றே அழைத்தார்கள். கடைசியில் அந்த ஆண்டு நவம்பரில் அந்த நாணயத்தின் பிளாக் சங்கிலியே (பிளாக்செயின்) இரண்டாகப் பிரிந்தது. 8 விழுக்காட்டை விதியாக வைத்துக்கொண்ட கிளை சிறுபான்மையாகத் தனியே போயிற்று. கலைச்சொல்லே ஒரு தரப்பின் வாதத்தைச் சுமந்தால், அதை வைத்துக்கொண்டு நடுநிலையாக ஒரு கட்டுரை எழுத முடியாது.

> கருவூலம்? மானியம்?

கருவூலம் பணம் சேரும் இடம். டிக்ரெட் என்ற நாணயத்தில் வெகுமதியின் 10 விழுக்காடு அப்படிச் சேர்கிறது, பங்குதாரர்கள் வாக்களித்துச் செலவிடுகிறார்கள். அங்கே மகமை கருவூலத்தில் சேர்கிறது என்று எழுதினால் இரண்டு சொல்லுக்கும் வேலை இருக்கிறது. மானியம் வேண்டவே வேண்டாம். பிளாக்கில் புதிதாகப் பிறக்கும் நாணயத்துக்கே (block subsidy) அந்தச் சொல் தேவைப்படுகிறது. ஆய்வாளருக்குக் கொடுப்பது நல்கை. பல்கலைக்கழக நல்கைக் குழு என்று ஏற்கெனவே புழங்கிய சொல்தான்.

> மகமையை மகிமை என்று படிப்பார்களே?

இது நியாயமான பயம். தட்டச்சுச் செயலிகள் தாமாகவே மாற்றிவிடவும் கூடும். அதனால் ஒரு கட்டுரையில் முதல்முறை வரும்போது ‘பிளாக் மகமை’ என்றும், அப்புறம் வெறும் மகமை என்றும் எழுதலாம். மகமை விகிதம், மகமைக் காலம் என்று கிளைச்சொற்களும் சிரமமில்லாமல் வருகின்றன.

இந்த வேறுபாட்டில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம், ஒரு திட்டத்துக்கு வரலாமா என்று யோசிக்கும் நிரலாளர்கள்தான். அவர்கள் முதலில் கேட்பது, சம்பளம் எத்தனை நாள் வரும், யார் நினைத்தால் நிறுத்தலாம் என்பதை. நன்கொடை என்றால் ஒவ்வொரு முறையும் கூட்டத்தின் மனதை வெல்ல வேண்டும். மூன்று மாதத் தணிக்கைக்கு அது பரவாயில்லை. மறையாக்க ஆய்வுக்கு அது சரிப்படாது. ஓராண்டு உழைத்துவிட்டு, இந்த வழி பாதுகாப்பானது அல்ல என்று நிரூபிப்பதும் அங்கே நல்ல விளைவுதான். ஆனால் அப்படிப்பட்ட முடிவுக்கு முன்கூட்டிக் காசு போட ஆள் கிடைப்பது கடினம். பிழை கண்டுபிடித்தால் சன்மானம் என்ற முறையும் இங்கே உதவாது, அது முடிந்த வேலைக்குத்தான் கூலி தரும்.

மகமை ஆண்டுக்கணக்கில் வரும். அதே சமயம் அது நாணயமாக வருகிறது. விலை சரிந்தால் சம்பளமும் சரியும், வெகுமதி பாதியாகும் நாளில் மகமையும் பாதியாகும். ‘நிதி’ என்று படிப்பவர் ஒரு பெட்டியில் பணம் இருக்கிறது என்று நினைப்பார். ‘20 விழுக்காடு மகமை’ என்று படிப்பவருக்கு, எதில் 20 என்ற கேள்வி உடனே எழும். அந்தக் கேள்வி எழத்தான் வேண்டும்.

சரி, ஒரு சிக்கல் மீதி இருக்கிறது: டாஷ் என்ற நாணயம். அங்கும் வெகுமதியில் ஒரு பங்கு திட்டங்களுக்கு உண்டு. 1,000 டாஷ் வைத்திருக்கும் மாஸ்டர்நோடுகள் (வலையமைப்பை இயக்க உதவும் கணினிகள்) மாதந்தோறும் வாக்களிக்கின்றன. ஆனால் எந்தத் திட்டமும் தேறாமல் மிஞ்சும் தொகை உருவாக்கப்படுவதே இல்லை. எடுத்துவைக்காத பங்கை மகமை என்பது எனக்கு உறுத்துகிறது. இப்போதைக்கு ‘ஒதுக்கீட்டு வரம்பு’ என்று எழுதி வருகிறேன். ஸீகேஷ் 2024 நவம்பரில் கொண்டுவந்த ஏற்பாடு இதற்கு நேர்மாறு: 12 விழுக்காடு பிரிந்து, யாரும் தொட முடியாதபடி பூட்டப்பட்டுச் சேர்ந்தது. அதை ‘மகமை இருப்பு’ எனலாம்.

மாற்றுச் சொல் தருபவர்கள் அதை ஒரு முழு வாக்கியத்தில் வைத்து அனுப்புங்கள். டாஷுக்கும் ஸீகேஷுக்கும் தனித்தனி வாக்கியமாக இருந்தால் ஒப்பிட வசதி.