9 டிகிரி ஸ்கேல்: வாங்குவதா, வெட்டிக்கொள்வதா?

ஊசிநூல் (காட்பாடி):
குடியாத்தம் கைத்தறி லுங்கித் துணி வீட்டில் நிறைய மீதம் இருக்கிறது. கட்டில் விரிப்பு ஒன்றுக்கு நடுவில் பெரிய வட்டம் வைத்துத் தைக்கப் போகிறேன். ஒரு முனை அகலம், மறுமுனை குறுகல் என்று ஆப்பு வடிவத்தில் 40 துண்டுகள். தலைக்கு 9 டிகிரி என்றால் 360 வந்துவிடும். இதற்கென்றே விற்கும் ஆப்பு வடிவ ஸ்கேலை வரவழைக்கலாமா, இல்லை இங்கேயே பெயர்ப்பலகை செய்கிற கடையில் அக்ரிலிக்கில் வெட்டிக்கொள்ளலாமா?

கோட்டைமதில் (வேலூர்):
வாங்கிவிடுங்கள். இதில் சிக்கனம் பார்த்தால் துணிதான் பாழாகும். காம்பஸ் பாக்ஸில் இருக்கும் பாகைமானியை வைத்துக் கோணம் குறித்தால் அரை டிகிரி பிசகுவது சாதாரணம். ஒரு துண்டில் அது கண்ணுக்கே தெரியாது, 40 துண்டில் 20 டிகிரி ஆகிவிடும். கூடினால் வட்டத்தின் ஓரம் அலை அலையாக நிற்கும். குறைந்தால் நடுப்பகுதி கூம்பு மாதிரி எழும்பும். எவ்வளவு இஸ்திரி போட்டாலும் படியாது.

பேட்டர்ன்காரர் (ராணிப்பேட்டை):
ஷூ கம்பெனியில் பேட்டர்ன் வெட்டுவது என் வேலை. பாகைமானி வேண்டாம் என்பது சரி. அதற்காக ஸ்கேலை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. கோணத்தை நீளமாக மாற்றிக்கொண்டால் போதும். 50 செ.மீ. நடுக்கோடு போடுங்கள். அதன் ஒரு கடைசியில் செங்குத்தாக இரண்டு பக்கமும் 39.35 மி.மீ. குறித்து மறுமுனையோடு சேருங்கள். அதுதான் 9 டிகிரி. கூர்முனை வரை வேண்டாம், முனையிலிருந்து 15 செ.மீ. தள்ளி வெட்டச் சொல்லுங்கள். அந்த இடத்தில் அகலம் 23.6 மி.மீ. இருக்கும். இரு பக்கமும் கால் இன்ச் தையலுக்குப் போனாலும் ஒரு செ.மீ. மிஞ்சும். நடுவில் விழும் ஓட்டையை வட்டத் துணி வைத்து மூடிவிடலாம்.

அக்ரிலிக் 3 மி.மீ. தடிமன் இருக்க வேண்டும். அட்டை, எக்ஸ்ரே ஃபிலிம் என்று போனால் ரோட்டரி கட்டர் (உருளும் வட்டக் கத்தி) ஓரத்தைச் சீவிக்கொண்டே வரும். போகப் போகத் துண்டு ஒல்லியாகும்.

கோட்டைமதில்:
39.35 என்று சொல்வது சுலபம் சார். பக்கத்துக்கு அரை மி.மீ. கூடினாலே சுற்றி முடிக்கும்போது நாலரை டிகிரி கூடுகிறது. கடைக்காரர் அந்த அளவுக்குக் கவனமாக வெட்டுவாரா?

பேட்டர்ன்காரர்:
கையால் குறித்து ரம்பத்தில் அறுத்தால் நீங்கள் சொல்வது நடக்கும். கம்ப்யூட்டரில் வரைந்து லேசரில் வெட்டச் சொல்லுங்கள். லேசர் தின்னும் மயிரிழை அகலமும் இரண்டு ஓரத்திலும் ஒரே சீராகத்தான் போகும், கோணத்தைத் தொடாது. கைக்கு வந்ததும் ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். கடையில் வாங்கியதையும் அப்படி அளந்து பார்க்கத்தான் வேண்டும்.

கலிக்கட்டிங் (ஆம்பூர்):
எதற்கு இவ்வளவு கணக்கு? அனார்கலிக்குக் கலி (கீழே விரியும் ஆப்புத் துண்டு) வெட்டும்போது ஒரு பேப்பர், ஒரு சாக்பீஸ், கத்தரி, அவ்வளவுதான். கூடினால் குறைந்தால் கடைசிக் கலியில் பிடித்துவிடுவோம். வருஷக்கணக்கில் இப்படித்தான் தைக்கிறேன், எந்த வாடிக்கையாளரும் குறை சொன்னதில்லை.

கோட்டைமதில்:
அண்ணா, அனார்கலி உடம்பில் தொங்குகிறது. ஓரம் அலை அடித்தால் அங்கே அழகு. விரிப்பு கட்டிலோடு படிய வேண்டும். சாக்பீஸ் கோட்டின் தடிமனே இங்கே பிரச்சினை. கோட்டுக்கு உள்ளே வெட்டினோமா வெளியே வெட்டினோமா என்பது துண்டுக்குத் துண்டு மாறும். தையலும் கால் இன்ச்சுக்கு நூலளவு பிசகக் கூடாது.

பேட்டர்ன்காரர்:
கடைசியாகச் சொன்னதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். தையல் கால் இன்ச்சுக்குக் கொஞ்சம் கூடியே போகட்டும். மேலிருந்து கீழ் வரை ஒரே அளவாக இருந்தால் இரண்டு ஓரமும் இணையாகத்தான் உள்ளே நகரும். கோணம் அதே 9 டிகிரி. வட்டம் கொஞ்சம் சின்னதாகும், நடு ஓட்டையும் சின்னதாகும், ஆனால் தட்டையாகப் படியும்.

கெடுப்பது சாய்ந்து போகும் தையல். குறுகிய பக்கம் கால் இன்ச்சில் ஆரம்பித்து, அரை மீட்டர் தள்ளி அகலப் பக்கம் போகும்போது ஒரு மி.மீ. உள்ளே இழுத்துவிட்டால், 40 தையலுக்கு ஒன்பது டிகிரிக்கு மேல் குறையும். ஒரு துண்டே காணாமல் போன மாதிரி. அதனால் தையல் இடத்தின் அளவைப் பற்றிக் கவலைப்படாமல், மெஷினில் வழிகாட்டிக்கு ஒரு பட்டை ஒட்டிக்கொண்டு சீராக ஓட்டுங்கள்.

கோட்டைமதில்:
கணக்கு சரிதான், மறுக்கவில்லை. ஆனாலும் கடை ஸ்கேலில் குறுக்குக் கோடுகள் அச்சடித்து வருகிறதே, அதற்கு என்ன செய்வீர்கள்? லுங்கிக் கட்டத்தை அந்தக் கோட்டில் நிறுத்தி வெட்டினால்தான் அழகு. நடுக்கோடு பாவு நூலோடு, அதாவது நீளவாட்டு நூலோடு, ஓட வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் அதே ஊடைப் பட்டை (குறுக்கு நூல் பட்டை) அதே குறுக்குக் கோட்டில் உட்கார்ந்தால், தைத்து விரிக்கும்போது அந்தப் பட்டைகள் கைகோத்து நடுவைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரியும்.

பேட்டர்ன்காரர்:
லேசரிலேயே கோடு கீறித் தருவார்கள், வரையும்போது சேர்த்துக் கொடுங்கள். அதைத் தவறவிட்டாலும் மாஸ்கிங் டேப்பை அடியில் ஒட்டி அடையாளம் வைக்கலாம்.

ஊசிநூல்:
துணி மிச்சப்பட ஸ்கேலைத் தலைகீழாகத் திருப்பித் திருப்பி வெட்டலாம் என்று இருந்தேனே. வளையம் வேண்டுமென்றால் அது கூடாதா?

கோட்டைமதில்:
கூடாது. திருப்பினால் பட்டை இடம் மாறும். வளையம் வரும் துணிக்குத் திருப்பாதீர்கள், வெற்றுத் துணிக்குத் திருப்புங்கள். இன்னொன்று, பின்னால் 18 டிகிரியில் 20 இதழ் வைத்துப் பூ தைக்க ஆசை வந்தால் தனி ஸ்கேல் வேண்டாம். துணியை நடுவில் மடித்து, மடிப்பின் மேல் 9 டிகிரி ஸ்கேலின் ஒரு ஓரத்தை வைத்து மறு ஓரத்தில் வெட்டினால் விரிக்கும்போது 18. நீளம் பத்தாவிட்டால் ஓரத்தோடு நீள ஸ்கேலை ஒட்டிவைத்து நீட்டிக்கொள்ளலாம்.

கலிக்கட்டிங்:
சரி, ஸ்கேல் எதுவாகவும் இருக்கட்டும். துணியைத் துவைத்துக் காயவைத்து, கெட்டிக் கஞ்சி போட்டு, இஸ்திரி போட்ட பிறகு வெட்டுங்கள். கலியின் இரண்டு ஓரமும் லேசாகக் கிராஸில், அதாவது நூலுக்குச் சாய்வாக, போகிறது. கஞ்சி இல்லாவிட்டால் துணியை நகர்த்தும் மெஷின் பல்லே அதை இழுத்து நீட்டிவிடும். அப்போது லேசரும் காப்பாற்றாது.

ஊசிநூல்:
அக்ரிலிக்கே வெட்டிக்கொள்கிறேன். குறுக்குக் கோடுகளையும் படத்தில் சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன்.

கோட்டைமதில்:
நான் வாங்கத்தான் சொல்வேன். வெட்டுவதானால் 40 துண்டையும் ஒரே மூச்சில் வெட்டாதீர்கள். முதலில் 10 துண்டு தைத்துத் தச்சரின் மூலைமட்டத்தில் வைத்துப் பாருங்கள். 90 டிகிரி பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ஸ்கேலை மறுபடி அளந்துவிட்டு மிச்சத் துணியில் கை வையுங்கள்.