வெயிலுக்குப் பச்சை சென்ட்: உள்ளே இருப்பது பெருங்காயமா, இல்லையா?

வடசேரிக்காரன்:
நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார்: "சித்திரைப் பகலுக்கு ஊத் (அகில்), கஸ்தூரி எல்லாம் சரிப்படாது. கால்பனம் சேர்ந்த பச்சை சென்ட், அதாவது இலை தழை வாசனை வரும் சென்ட், அடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறுங்கள், பக்கத்தில் நிற்பவனுக்கும் குளிரும்." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. கால்பனம் என்றால் என்ன தெரியுமா? ஈரான் பக்கத்து மலைகளில் வளரும் ஃபெருலா செடியைக் கீறி எடுக்கிற பிசின். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் பெருங்காயமும் அதே ஃபெருலாதான். பெருங்காயத்தைக் கழுத்தில் தடவிக்கொண்டு, களியக்காவிளை பஸ்ஸில் புழுக்கத்தில் நின்றபடி, குளிர்ச்சி குளிர்ச்சி என்கிறார்கள். யாராவது கேட்க வேண்டாமா?

செங்கோட்டை சாரல்:
எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம், அண்ணாச்சி. கால்பனம் நேற்று வந்த சரக்கு இல்லை. 1947-இல் பால்மான் கம்பெனி வெளியிட்ட 'வான் வேர்' சென்ட்டில் ஜெர்மேன் செல்லியே என்ற அம்மா அதை அள்ளிப் போட்டிருக்கிறார். பச்சை வாசனை என்ற வகைக்கே அதுதான் பேர் வாங்கிக் கொடுத்தது. ஷனேல் கம்பெனியின் 'நம்பர் 19' சென்ட்டிலும் கால்பனம் உண்டு. அவ்வளவு பேரும் சாம்பாரா வைத்தார்கள்?

வடசேரிக்காரன்:
பிரெஞ்சுக்காரி போட்டால் பெருங்காயம் பெருங்காயம் இல்லாமல் போய்விடுமா? கோட்டாறில் எங்கள் தாத்தா காலத்திலிருந்து பலசரக்குக் கடை. பால் பெருங்காயக் கட்டியைத் தட்டி உடைக்கும்போது தெருமுனை வரைக்கும் வீசும். எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

மார்த்தாண்டம் டீச்சர்:
சார், பேரினம் ஒன்று என்றால் சரக்கும் ஒன்றாகிவிடுமா? உருளைக்கிழங்கும் கத்திரிக்காயும்கூட சொலானம் என்ற ஒரே பேரினம்தான். உங்கள் வீட்டில் கத்திரிக்காய் சிப்ஸ் போடுகிறீர்களா? பெருங்காய வாசனைக்குக் காரணம் கந்தகச் சேர்மங்கள். கால்பனத்தில் அந்தப் பச்சையைக் கொடுப்பது முக்கியமாகப் பைரசீன் என்ற சேர்மம். குடமிளகாயை அரிந்தால் வருமே, அதே வகை. துளியினும் துளி இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். வெட்டிய புல் வாசனை வேறு, அது ஹெக்செனால் என்ற இன்னொரு சேர்மம். முதலில் எந்தப் பச்சையைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு பண்ணலாமா?

வடசேரிக்காரன்:
பெருங்காயம் இல்லையாம், குடமிளகாயாம். சட்டினி அரைக்கிற நேரம் வந்துவிட்டது. டீச்சர், கால்பன எண்ணெயிலும் கொஞ்சம் கந்தகச் சேர்மம் உண்டு. அதை ஏன் மறைத்தீர்கள்? பெருங்காயம்தான்.

மார்த்தாண்டம் டீச்சர்:
மறைக்கவில்லை. கொஞ்சம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். வெங்காயத்திலும் முட்டைக்கோஸிலும்கூட கந்தகச் சேர்மம் உண்டு. அதெல்லாம் பெருங்காயமா?

பாறசாலைப் பையன்:
சார், ஒரு சந்தேகம். எனக்குக் காலையில் எட்டரைக்கு ஆபீஸ் பஸ். இதை அடித்தால் மதியம் வரைக்கும் நிற்குமா? சட்டையில் அடிக்கலாமா, தோலில்தான் அடிக்கணுமா?

செங்கோட்டை சாரல்:
தம்பி, அடித்ததும் முதலில் வீசும் எலுமிச்சை வகை வெயிலில் சீக்கிரம் பறந்துவிடும். அடியில் வெட்டிவேரோ ஓக் மரப்பாசியோ இருந்தால் அது தங்கும். பெர்கமாட் என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் எண்ணெய் நிறைய இருக்கிற பழைய பாணி சரக்கானால் தோலில் போட்டுக்கொண்டு வெயிலில் போகாதே. அதில் உள்ள பெர்காப்டன் வெயில் பட்டதும் தோலைப் பொசுக்கிக் கறுப்பாக்கும். பருத்திச் சட்டையின் உள்பக்கம் அடி, கறை பிடித்தாலும் வெளியே தெரியாது.

கால்பன சென்ட்டை முழங்கையில் நான் போட்டுப் பார்த்ததைச் சொல்கிறேன். முதலில் பச்சைப் பட்டாணியை உரித்த கையின் வாசனை, கூடவே ஒரு கசப்பு. அந்தக் கசப்பில்தான் பாதிப் பேர் முகம் சுளித்து மூடியைப் போட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுத்தால் காம்பை ஒடித்த ஈரம் வரும். வியர்வை வந்தாலும் இனிப்பு சென்ட் மாதிரி திகட்டாது. சாம்பார் எங்கேயும் வரவில்லை.

வடசேரிக்காரன்:
பட்டாணி, குடமிளகாய், பெருங்காயம். குருமா ரெடி.

தோவாளைப் பூக்கடை:
எதற்கு இந்தச் சண்டை? ஒரு கட்டு மரிக்கொழுந்து வாங்கிச் சட்டைப் பையில் வையுங்கள். வாடினாலும் வாசனை போகாது. அதே கொழுந்தைக் காய்ச்சி எடுத்த எண்ணெயைத்தான் வெளிநாட்டு சென்ட் கம்பெனிகள் வாங்குகின்றன. நாம் கட்டாக வாங்குவதை அவர்கள் பாட்டிலில் அடைத்து நமக்கே விற்கிறார்கள்.

பாறசாலைப் பையன்:
ஓணம் வந்தால் உங்கள் சந்தையில் பூ விலை ஏறுகிற ஏற்றம் எங்களுக்குத்தானே தெரியும் அண்ணே. அப்போது கொழுந்தும் பாட்டில் விலைதான்.

அப்புறம், எர்மெஸ் கம்பெனி 2008-இல் ஒரு சென்ட் விட்டது. மழைக்குப் பிந்தைய கேரளத்தை நினைத்து ஜான் குளோத் எலனா செய்தது. ஏலக்காய், மிளகு, இஞ்சி, வெட்டிவேர். எங்கள் கேரளப் பச்சைக்குப் பாரிஸில் மரியாதை. கன்னியாகுமரிக்கு யார் செய்தார்கள்?

தோவாளைப் பூக்கடை:
1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்களும் திருவிதாங்கூர்-கொச்சிதான் தம்பி. அந்த மழை ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு இந்தப் பக்கமும் பெய்கிறது. எங்களுக்கு இரண்டு பருவமழை. உங்கள் அத்தப்பூவில் பாதி எங்கள் பூ.

வடசேரிக்காரன்:
மழையை விடுங்கள். அந்த 2008 சரக்கில் பெருங்காயம் இல்லை பார்த்தீர்களா? நல்ல சென்ட்டுக்கு அது தேவையில்லை என்றுதானே அர்த்தம்?

செங்கோட்டை சாரல்:
ஏலக்காயும் மிளகும் போட்டால் நல்ல சென்ட், கால்பனம் போட்டால் சாம்பார். நல்ல நியாயம் அண்ணாச்சி. அதுவும் உங்கள் கடைச் சாமான்தானே?

மார்த்தாண்டம் டீச்சர்:
இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். யாத்திராகமம் 30-ஆம் அதிகாரம், 34-ஆம் வசனம். பரிசுத்த தூபவர்க்கத்துக்கான சரக்குகளில் அல்பான் பிசினும் வருகிறது. அது இந்தக் கால்பனம்தான். மோசே காலத்திலேயே மரியாதை இருந்த பொருளை அஞ்சறைப் பெட்டிக்குள் தள்ளாதீர்கள்.

வடசேரிக்காரன்:
நாலு வசனம் தாண்டி 38-ஐயும் படியுங்கள் டீச்சர். அந்தத் தூபத்தைப் போல் முகருவதற்காகச் செய்கிறவன் தன் ஜனத்தில் இராமல் அறுப்புண்டு போவான் என்றுதானே இருக்கிறது? அக்குளில் அடிக்கச் சொல்லி எந்த வசனத்தில் இருக்கிறது?

மார்த்தாண்டம் டீச்சர்:
அது அந்த முழுக் கலவைக்குச் சொன்னது, தனிச் சரக்குக்கு இல்லை. எதையும் பாதி படித்துவிட்டு வருவது உங்கள் வழக்கம். இங்கே முன்பு நடந்த நேந்திரங்காய் சிப்ஸ் விவாதத்தில் தேங்காய் எண்ணெயும் பாமாயிலும் ஒன்றுதான், இரண்டும் தென்னைச் சாதி என்று சாதித்தவர் யார்? அன்றைக்கும் இதே 'ஒரே குடும்பம்' கதைதான்.

வடசேரிக்காரன்:
சிப்ஸை இங்கே இழுக்காதீர்கள். தென்னையும் எண்ணெய்ப் பனையும் ஒரே குடும்பம்தான். அன்றைக்குச் சொன்னது இன்றைக்கும் சரி.

பாறசாலைப் பையன்:
சிப்ஸ் பொரித்த எண்ணெய் வாசனையில் தெரிந்துவிடுமே சார்.

வடசேரிக்காரன்:
சாப்பிடுகிறவனுக்குத் தெரியும், பேசுகிறவனுக்குத் தெரியாது. விஷயத்துக்கு வாருங்கள். பெருங்காயம் இந்தியாவில் விளையாத பொருள், ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வருவது. அவ்வளவு காசு கொடுத்து வரவழைப்பதை ரசத்தில் போடாமல் காற்றில் தெளிக்கிறார்கள்.

செங்கோட்டை சாரல்:
விளையாது என்று முடித்துவிட வேண்டாம். 2020 அக்டோபரில் இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் நாற்று நட்டார்கள், பாலம்பூர் ஆய்வு நிலையத்தார். கடையில் டப்பாவில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பகுதி மாவும் கோந்தும்தான். முதலில் அதைப் பற்றிப் பேசுங்கள்.

வடசேரிக்காரன்:
எங்கள் கடைச் சரக்கைச் சொல்கிறீர்களா?

செங்கோட்டை சாரல்:
பொதுவாகச் சொன்னேன். உங்களுக்கு ஏன் குத்துகிறது?

வடசேரிக்காரன்:
குற்றாலத்துக்குப் போகிற வழியில் ஊர் இருப்பதால் மட்டும் பச்சை வாசனைக்குச் சொந்தக்காரர் ஆகிவிட முடியாது. எங்கள் கடையில் மாவு கலந்ததை மாவு கலந்தது என்று சொல்லித்தான் விற்கிறோம். உங்கள் சென்ட் பாட்டிலில் 'பெருங்காயத்தின் உறவினர்' என்று எழுதியிருக்கிறதா?

தோவாளைப் பூக்கடை:
கொழுந்து இன்று நல்ல வரத்து. யாரும் கேட்கவில்லை, சொல்லி வைக்கிறேன்.

பாறசாலைப் பையன்:
வடசேரி சார், கோபிக்காமல் சொல்லுங்கள். கால்பனம் போட்ட சென்ட் எதையாவது ஒரு தடவை முகர்ந்திருக்கிறீர்களா?

வடசேரிக்காரன்:
பெருங்காயத்தை முகர்ந்திருக்கிறேன். அது போதும்.

மார்த்தாண்டம் டீச்சர்:
அப்படிப் போடுங்கள். சிப்ஸைத் தின்னாமலே தீர்ப்புச் சொன்னவர்தானே!

வடசேரிக்காரன்:
டீச்சர், மறுபடியும் சிப்ஸா? சரி, அந்தப் பழைய விவாதத்தையே மேலே தூக்கிவிடுகிறேன். எல்லாரும் அங்கே வாருங்கள். ஆனால் இங்கே சொன்னதில் மாற்றமில்லை: பெருங்காயம்தான்.