காக்கிச்சட்டைக்குத் தாடி ஆகுமா?

செல்லூரான்: "சீருடைன்னா மழுங்கச் சிரைச்ச முகம், யாருக்கும் விலக்கு கிடையாது"ன்னு மேலே ஒரு மேதை எழுதியிருக்கார். 1957 மெட்ராஸ் போலீஸ் கெஜட்டைப் புரட்டுங்க சார். முஸ்லிம் காவலர் ட்ரிம் பண்ணின தாடி வைக்கலாம். 2024 ஜூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதைச் சொல்லித்தான் ஒரு காவலரின் தண்டனையை ரத்து பண்ணுச்சு.

நேர்வகிடு: அந்த மேதை நான்தான். 2016 டிசம்பரில் விமானப்படை வழக்கில் உச்ச நீதிமன்றம் தாடி கூடாதுன்னு சொல்லியாச்சு. உச்சம் பெருசா, கிளை பெருசா?

செல்லூரான்: அது விமானப்படை விதி 425. முடி வெட்டவோ முகம் மழிக்கவோ மதமே தடுத்தால்தான் அங்கே விலக்கு. நம்ம கெஜட் முஸ்லிம்னு பேர் சொல்லியே விடுது. வார்த்தை 'ட்ரிம்'. ட்ரிம்னா கத்தரிக்கிறது, வழிக்கிறது இல்ல.

லத்தி: கண்ணீர்ப்புகை முகமூடி போட்டுப் பாருங்க. ரப்பர் விளிம்பு தோல்மேல ஒட்டணும். ரெண்டு நாள் முள்ளுத்தாடியே போதும், இடுக்குல புகை ஏறிடும். ஃபில்டர் வாயை உள்ளங்கையால பொத்தி மூச்சை இழுங்க. முகமூடி உள்ளே இழுத்துப் பிடிக்கலேன்னா கசிவு.

செல்லூரான்: சீக்கியர்கள் தாடைக்கு அடியில அகல ரப்பர் பட்டையைக் கொடுத்து உச்சியில முடிஞ்சு, அதுமேல மாஸ்க் போடுறாங்களே? நான் கேட்டது 'ட்ரிம்'. அதுக்குப் பதில் வரல.

நேர்வகிடு: அந்த மதுரைக் கிளை வழக்குக் காவலருக்குத் தண்டனை லீவு விவகாரத்துக்கு.

செல்லூரான்: பாதிதான் படிச்சிருக்கீங்க. 31 நாள் லீவுல மெக்கா போனார், திரும்பினதும் காலில் தொற்று, நீட்டிப்பு கேட்டார், கிடைக்கல. குற்றச்சாட்டில் தாடியும் உண்டு. மூணு வருஷ இன்கிரிமென்ட் கட், அதுவும் குமுலேட்டிவோட, அதாவது போன உயர்வு பின்னாடியும் திரும்ப வராது. பென்ஷன் வரைக்கும் இடிக்கும். அப்பீலில் ரெண்டு வருஷமாச்சு, குமுலேட்டிவ் இல்லாம. அதையும் தூக்கிட்டுத்தான் கோர்ட், மறுபடி முடிவெடுக்கச் சொல்லி கமிஷனருக்கே திருப்பி அனுப்புச்சு.

நேர்வகிடு: ஓஹோ, 'திருப்பி அனுப்புச்சு' இப்போதான் வெளிய வருது!

செல்லூரான்: அதை விடுங்க. ட்ரிம்னா என்ன? ஒரே வரி.

லத்தி: அப்போ மாலை போட்ட காவலர் 48 நாள் தாடியோட நிக்கிறாரே, அது எந்த கெஜட்?

நேர்வகிடு: மண்டலம் 41 நாள். அதுவே தெரியல, கெஜட் பேச வந்துட்டாரு.

லத்தி: எங்க ஊர்ல மண்டலம்னா 48தான்.

செல்லூரான்: 41ஓ 48ஓ, ட்ரிம் பண்ணினாங்களா இல்லையா?