“கனமா போட்டுக் குடுங்கண்ணா”: வண்டிக்குக் கீல் செய்த அனுபவங்கள்

மாதவரம், பாடி கட்டும் பட்டறை:

வண்டிக்குக் கீல் செய்ய வருபவர்கள் பெரும்பாலும் ஒரே பேச்சோடுதான் வருகிறார்கள். “முன்ன போட்டது தாங்கலண்ணா, இந்தத் தடவை கனமா போட்டுக் குடுங்க.” காசிமேட்டு மீன் வண்டிக்காரர் ஒருவரும் அதையேதான் சொன்னார். சின்ன டெம்போ, பின்னால் பஃப் பாடி (குளிர் தாங்க நடுவே நுரை அடைத்த பெட்டி), இரட்டைக் கதவு. இடது கதவு தொங்கிப்போய், ஒருத்தர் அடியில் தோள்கொடுத்துத் தூக்கினால்தான் இன்னொருத்தர் லாக் கம்பியை மாட்ட முடியும் என்ற நிலை. விடியற்காலை ஏலம் முடிந்து ஐஸ் போட்டு மூடுகிற அவசரத்தில் இந்தக் கூத்து.

கீலைக் கழற்றிப் பார்த்தேன். தகடு 8 மி.மீ., எங்கும் துளி வளைவு இல்லை. ஆனால் பின் (கீலின் அச்சாக நிற்கும் கம்பி) நுழையும் ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. பின்னும் நடுவில் இளைத்துப் போயிருந்தது. போல்ட் பிடித்த இடத்தில் ஃபைபர் கிழிந்து, உள்ளே இருந்த பஃப் ஈரத்தில் ஊறி நாற்றம் எடுத்தது. அந்தத் தகட்டை 12 மி.மீ. ஆக்கியிருந்தாலும் இதே கதிதான் ஆகியிருக்கும்.

கணக்கு பெரிய விஷயமில்லை. கதவு 30 கிலோ, அகலம் 80 செ.மீ. என்று வையுங்கள். எடை நடுவில் இருக்கிறது, அதாவது கீலிலிருந்து 40 செ.மீ. தள்ளி. மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடையே 60 செ.மீ. இருந்தால், மேல் கீலைப் பிடித்து வெளியே இழுக்கிற பாரம் 30 பெருக்கல் 40, வகுத்தல் 60. ஆக 20 கிலோ. அதே இரண்டு கீலை 120 செ.மீ. இடைவெளியில் வைத்தால் அது 10 கிலோவாகிவிடும். தகடும் போல்ட்டும் மாறவில்லை, செலவும் கூடவில்லை, இழுப்பு மட்டும் பாதியாகிவிட்டது. இது வண்டி நிற்கும்போது உள்ள கணக்கு. எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் எத்தனை மடங்கு ஏறும் என்பதை அந்தக் கதவைத்தான் கேட்க வேண்டும்.

அவருக்கு இன்னொன்றும் வேண்டியிருந்தது. கதவு முழுக்கத் திரும்பி வண்டியின் பக்கச் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். கன்டெய்னர் கதவு நிற்கிற மாதிரி, 270 டிகிரி. இங்கேதான் பின்னின் மையம் எங்கே நிற்கிறது என்பது முக்கியம். கதவின் வெளிமுகத்திலிருந்து பின்பக்கமாக அது எவ்வளவு தள்ளி இருக்கிறது, பக்கச் சுவரிலிருந்து வெளியே எவ்வளவு தள்ளி இருக்கிறது, இரண்டையும் கூட்டுங்கள். கதவு மடங்கி நிற்கும்போது சுவருக்கும் கதவுக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளி அதுதான். அவர் கதவில் லாக் கம்பியும் பிராக்கெட்டும் சேர்ந்து 45 மி.மீ. துருத்திக்கொண்டிருந்தன. நான் 25-ம் 30-ம் எடுத்தேன், 55 வந்தது. பத்து மி.மீ. மிச்சம், அதில் ஒரு ரப்பர் பஃபர்.

படம் வரைந்தாலும், தகட்டை வெட்டக் கொடுக்கும் முன் அட்டையில் முழு அளவில் கத்தரித்து, பின் இருக்கும் இடத்தில் ஒரு ஆணியைக் குத்திச் சுற்றிப் பார்த்துவிடுவேன். ஐந்து நிமிஷ வேலை. எங்கே இடிக்கும் என்று அட்டையே காட்டிவிடும். அப்புறம்தான் அம்பத்தூருக்கு லேசர் கட்டிங் அனுப்புவது.

பொருள் விஷயம்: மீன் வண்டிக்கு மைல்டு ஸ்டீல் வேண்டாம். ஐஸ் உருகி ஒழுகுவது உப்புத் தண்ணீர், வெளியிலும் கடல் காற்று. 304 எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) தகடு போட்டேன். ஆனால் எஸ்.எஸ். பின், எஸ்.எஸ். ஓட்டைக்குள் நேராக ஓடினால் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு இறுகிவிடும். அதனால் நடுவே கன்மெட்டல் புஷ், அதாவது வெண்கல வகை உலோகத்தில் ஒரு சின்னக் குழல். பேனலின் உள்பக்கம் கீலைவிடப் பெரிதாக ஒரு பேக்கிங் தகடு, போல்ட் ஓட்டையில் சீலன்ட். கிழிந்துபோன பேனலுக்கு உண்மையான மருந்து இந்தப் பேக்கிங் தகடுதான், கீல் இல்லை.

மாட்டும்போது ஒவ்வொரு கீலையும் தனித்தனியாக அளந்து வைக்கக் கூடாது. நீளமான ஒரு பிரைட் பார் (பளபளப்பான, சரியான வட்டக் கம்பி) எடுத்து எல்லாக் கீலுக்குள்ளும் நுழைத்து, அது லேசாகச் சுழல்கிறதா என்று பார்த்துக்கொண்டே டாக் (சின்னப் புள்ளி வெல்டு) வைக்க வேண்டும். முழு வெல்டிங்கை ஒரே பக்கம் இழுத்தால் சூட்டில் கோணிக்கொள்ளும். மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். எல்லாக் கீலும் ஒரே அச்சில் இல்லையென்றால், கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு பின் வளைந்துதான் ஆக வேண்டும்.

மற்றவர்கள் என்ன பார்த்திருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

வியாசர்பாடி, லேத்:

அண்ணன் சொன்னதில் புஷ் சமாச்சாரத்தை மட்டும் கொஞ்சம் இழுக்கிறேன், ஏனென்றால் அந்த வேலை கடைசியில் எங்களிடம்தான் வந்து நிற்கிறது.

புஷ்ஷை முதலிலேயே அளவுக்குக் கடைந்து கொடுத்துவிட்டால், அதை பிரஸ்ஸில் ஏற்றும்போது உள்விட்டம் சுருங்கிவிடும். கொண்டுபோனவர் பின் நுழையவில்லை என்று சுத்தியலால் அடித்து இறக்குவார். முடிந்தது கதை. புஷ்ஷை ஏற்றிய பிறகு ரீமர் (ஓட்டையைச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் கருவி) ஓட்டுவதுதான் சரி. 16 மி.மீ. பின்னுக்கு 0.1, அதிகம் போனால் 0.2 மி.மீ. விளையாட்டு (தளர்வு) போதும். அதற்கு மேல் போனால் கதவு ஆடும், ஆடினால் தேயும், தேய்ந்தால் இன்னும் ஆடும்.

பின்னுக்குக் கறுப்புக் கம்பியைக் கொண்டுவந்து நீட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது வட்டமாகவும் இருக்காது, மேலே செதிலும் இருக்கும். வெர்னியரை வைத்துச் சுற்றிப் பாருங்கள், இடத்துக்கு ஒரு அளவு காட்டும். பிரைட் பார் வாங்குங்கள், கொஞ்சம் பாரம் கூடுதல் என்றால் இ.என். 8 ரக எஃகு.

கனம் வேண்டும் என்றால் அதைப் பின்னில் போடுங்கள். வளைவைத் தாங்கும் பலம் விட்டத்தின் மும்மடிக்கு ஏறுகிறது. 12 மி.மீ. பின்னை 16 ஆக்கினால் இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும். பின்னின் இரண்டு முனைக்கும் பிடிமானம் இருக்கிற மாதிரி, மேலே ஒரு காது (பின் நுழையும் ஓட்டையுள்ள துண்டு), கீழே ஒரு காது, நடுவே கதவுக் காது என்று செய்தால் இன்னும் நல்லது. ஒரு முனை மட்டும் பிடித்துத் தொங்குகிற பின் எனக்குப் பிடிக்காது.

எண்ணூர், டிரெய்லர் ஓட்டுநர்:

நீங்கள் எல்லாம் செய்கிறவர்கள். நான் அடிபடுகிறவன்.

துறைமுக வரிசையில் நிற்கும்போது வேறு என்ன செய்வது? முன்னால் நிற்கிற கன்டெய்னரின் கீலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு கதவுக்கு நாலு கீல். அந்தக் கதவுகளை ஒரு கையால் இழுத்துத் திறந்திருக்கிறேன், சிலதை இரண்டு பேர் கடப்பாரை போட்டு நெம்பியிருக்கிறோம். வித்தியாசம் கிரீஸ்தான்.

முன்பு ஓட்டிய ஓபன் பாடி லாரியில் சைடு டோர் கீழ்நோக்கி விழுகிற மாதிரி. பின் கழன்று விழுகிறது என்று ஒரு பட்டறையில் சொன்னோம். அவர்கள் பின்னின் இரண்டு முனையிலும் வெல்டு அடித்து மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் கழன்று விழவில்லை, உண்மைதான். புஷ் தேய்ந்து மாற்ற வேண்டி வந்தபோதும் கழலவில்லை! கேஸ் கட்டிங் வைத்துக் கீலோடு அறுத்து எடுத்தார்கள். ஒரு வாஷரும் ஒரு ஸ்பிளிட் பின்னும் போட்டிருந்தால் நடுரோட்டிலேயே நானே மாற்றியிருப்பேன். ஓட்டுநர் கையில் ஸ்பேனரும் பிளையரும்தான் இருக்கும் என்பதைப் பட்டறைக்காரர்கள் மனதில் வைத்துச் செய்யுங்கள் ஐயா.

ராயபுரம், அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) வண்டி நடத்துபவர்:

என் வேன் பக்கவாட்டில் மேல்நோக்கித் திறக்கும். அந்தப் பலகையே எங்களுக்கு நிழல், விளம்பரம் எல்லாம். கேஸ் ஸ்பிரிங் இரண்டு போட்டுக் கொடுத்தார்கள், ஆரம்பத்தில் விரல் வைத்தால் மேலே போனது. அப்புறம் நான் விலைப்பட்டியல் போர்டு மாட்டினேன், மூன்று லைட் மாட்டினேன், மழைக்கு ஒரு தார்ப்பாய்ச் சுருளும் கட்டினேன். ஒரு நாள் பேஜோ (மொறுமொறுப்பான பர்மியப் பலகாரம்) பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கும்போது பலகை மெல்ல இறங்கி, நின்றிருந்தவர் தலையில் உட்கார்ந்தது. நல்ல வேளை, வேகமாக விழவில்லை. அவரும் சிரித்துக்கொண்டே இன்னொரு பிளேட் வாங்கிக்கொண்டார்.

இப்போது இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி முட்டுக்கொடுத்து வைக்கிறேன். ஆனால் மழை வந்தால் மேலே உள்ள நீளக் கீல் வழியாகத் தண்ணீர் சொட்டி நேராகச் சமைக்கிற கல்லின் மேல் விழுகிறது. கீலை மாற்ற வேண்டுமா?

மாதவரம், பாடி கட்டும் பட்டறை:

அக்கா, கீலை மாற்ற வேண்டாம். பியானோ கீல் என்கிற இந்த நீளக் கீலில் காதுக்குக் காது இடைவெளி இருக்கத்தான் செய்யும், தண்ணீர் அதில் இறங்கத்தான் செய்யும். கீலுக்கு மேலே, கூரைத் தகட்டில், கீலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி வளைத்த ஒரு பட்டை வையுங்கள். அதன் விளிம்பில் ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டுப் பலகை மேல் படியச் செய்தால் தண்ணீர் வெளியே வழிந்துவிடும். முட்டுக் கம்பியை எடுக்காதீர்கள், ஸ்பிரிங் புதிதாகப் போட்டாலும் இருக்கட்டும். உள்ளே இருக்கும் கேஸ் நாளடைவில் குறையும். ராயபுரத்தில் சாயங்காலக் காற்று வேறு அந்தப் பலகையைத் தூக்கிப் பார்க்கும். ஸ்பிரிங் மாற்றும்போது போர்டு, லைட், தார்ப்பாய் எல்லாம் மாட்டிய பிறகு பலகையை எடை போட்டுச் சொல்லுங்கள். வெறும் பலகைக்குக் கணக்குப் போட்டால் திரும்பவும் யாராவது தலையில்தான்.

திருவொற்றியூர், டிசைன் வேலை:

சரக்கு வண்டிக் கதவு வரைக்கும் எல்லாம் சரி. ஆட்கள் உட்காருகிற இடத்துக் கதவுக் கீலைப் பட்டறையில் புதிதாகச் செய்யச் சொல்கிறவர்களும் உண்டு, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விபத்தில் கதவு பிய்ந்து உள்ளே இருப்பவர் வெளியே தூக்கி எறியப்படாமல் இருக்க வேண்டும் என்று அந்தக் கீலுக்குத் தனிச் சோதனை இருக்கிறது. அமெரிக்காவின் எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 206 என்ற வாகனப் பாதுகாப்பு விதியில் பக்கவாட்டுக் கதவு ஒன்றின் கீல் அமைப்பு முன்பின்னாக 11,000 நியூட்டனும், குறுக்காக 9,000 நியூட்டனும் தாங்க வேண்டும். நம் பாஷையில் முறையே 1,100 கிலோ, 900 கிலோ பாரத்துக்குப் பக்கத்தில். பட்டறையில் செய்த கீலும் தாங்கலாம். தாங்கும் என்று காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது? போல்ட் பிடிக்கிற தூணும் சேர்ந்துதான் தாங்க வேண்டும், அதை நீங்கள் வடிவமைக்கவில்லை.

மாதவரம், பாடி கட்டும் பட்டறை:

பாதி ஒத்துக்கொள்கிறேன் சார். புது வண்டிக்குக் கம்பெனி கீல்தான், நானும் தொடுவதில்லை. ஆனால் பாகமே கிடைக்காத பழைய அம்பாசடரைக் கொண்டுவந்து ஒருத்தர் நின்றால், அவரைப் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்கு அனுப்புவேன். அங்கேயும் கிடைக்கவில்லை என்றால் கம்பெனி கீலை அப்படியே வைத்துக்கொண்டு பின்னும் புஷ்ஷும் மட்டும் மாற்றித் தருவேன். மூல வார்ப்பில் கை வைக்கமாட்டேன்.

அப்புறம், மீன்பாடி வண்டிக்கு (மூன்று சக்கரச் சரக்கு வண்டி) பின்பலகைக் கீல் கேட்டுச் சிலர் போட்டோ அனுப்புகிறார்கள். போட்டோவில் தேய்மானம் தெரியாது. பலகையைக் கழற்றி எடுத்து வராதீர்கள், அப்படியே மாட்டிய நிலையில் வண்டியோடு வாருங்கள், எந்தப் பக்கம் தொங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் கடை இருக்காது.