டிவி கேம் துப்பாக்கி: திரை மின்னுகிறது, வாத்து விழவில்லை

கேள்வி:
வணக்கம். 1990களில் அப்பா வாங்கித் தந்த டிவி கேம் பரணிலிருந்து கிடைத்தது. நிண்டெண்டோ நிறுவனத்தின் ஃபேமிகாம் என்ற கேம் கருவியின் நகல், கூடவே துப்பாக்கியும். வீட்டு எல்இடி டிவியில் மாட்டினால் கேசட் எல்லாம் ஓடுகிறது. ஆனால் வாத்து சுடும் கேமான டக் ஹன்டில் விசையை அழுத்தினால் திரை ஒருமுறை மின்னுகிறது, வாத்து மட்டும் விழுவதே இல்லை. திரையை ஒட்டி வைத்தும் சுட்டுவிட்டேன். குழல்முனைக் கண்ணாடியைத் துடைத்தேன். டியூப்லைட்டை நோக்கியும் சுட்டுப் பார்த்தேன். கழற்றிப் பார்க்கலாமா? அப்பா தந்த பொருள், கை வைக்கப் பயமாக இருக்கிறது.

பதில் 1:
கழற்றாதீர்கள். திரை மின்னுகிறது என்றால் விசையும் வயரும் நன்றாக இருக்கின்றன. இந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே பாய்வதில்லை, அது பார்க்க மட்டும்தான் செய்யும். விசையை அழுத்தியதும் கேம் திரையைக் கறுப்பாக்கும். அடுத்து, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம். இரண்டு வாத்து என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஃப்ரேம், அதாவது திரையில் வந்துபோகும் ஒரு படம். எந்த ஃப்ரேமில் குழலுக்குள் வெளிச்சம் விழுகிறதோ, அந்த வாத்து செத்தது. ஒரு ஃப்ரேம் நொடியில் ஐம்பது, அறுபதில் ஒரு பங்குதான். எல்இடி டிவி படத்தை உள்வாங்கிக் காட்டுவதற்குள் அந்த நேரம் போய்விடும்.

டியூப்லைட்டும் செல்லாது. திரை கறுப்பாக இருக்கும்போதே வெளிச்சம் தெரிந்தால் கேம் அதைக் குறியாக எடுக்காது. 1972இல் வந்த ஒடிஸி என்ற டிவி கேமின் ரைஃபிளுக்கோ பல்பைக் காட்டினாலே போதும். டக் ஹன்ட் வந்தது 1984இல். பன்னிரண்டே ஆண்டில் எவ்வளவு அழகாக யோசித்திருக்கிறார்கள்!

பதில் 2:
பழைய பிக்சர் டியூப் டிவியில் போடுங்கள். நொடிக்கு நூறு முறை படத்தைக் காட்டும் 100 ஹெர்ட்ஸ் மாடல் வேண்டாம், அதிலும் தாமதம் உண்டு. நிண்டெண்டோ 1985இல் விற்ற ராப் என்ற குட்டி ரோபோவுக்கும் இதே பாடுதான்: திரை மின்னுவதைக் கண்ணால் பார்த்துத்தான் கையை அசைக்கும். டிவி ஓடாவிட்டால் பின்மூடியை நீங்களே திறக்காதீர்கள், அணைத்த பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் நிற்கும்.

கேட்டவர்:
அத்தை வீட்டில் 21 அங்குல பிக்சர் டியூப் டிவி இருந்தது. முதலில் அதிலும் விழவில்லை, மனசு விட்டுப்போனது. அப்புறம் ப்ரைட்னஸைக் கூட்டி, ஆறடி தூரத்திலிருந்து சுட்டேன். விழுந்தது! அப்பாவுக்கு வீடியோ அழைப்பில் காட்டினேன். அடுத்த வாரம் அவரே வருகிறார்.

பதில் 1:
ரொம்ப சந்தோஷம். பத்து வாத்தையும் அவரே சுடட்டும்.